ஓய்வு நேரப் பின்னலும் உழைப்பின் கணக்கும்

பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தில், பொம்மை செய்பவர் களிமண்ணின் விலையையும் சூளையின் செலவையும் கூட்டாமல் பொம்மைக்கு விலை கூறமாட்டார். வீட்டுத் திண்ணையில் கம்பளி நூல் பின்னும் ஸ்திரீகளோ நூலின் விலையை மாத்திரம் எண்ணித் தங்கள் கையுழைப்பை எண்ணாது விட்டுவிடுவதுண்டு. எளிய இரண்டு சாமான்களின் செய்முறையும், அவற்றுக்குக் கணக்கு வைக்கும் வழியும் இங்கே கூறப்படுகின்றன.

1. விரலற்ற கையுறை

வேண்டியவை: நடுத்தரப் பருமனுள்ள கம்பளி நூல் சுமார் 50 கிராம், 4 மில்லிமீட்டர் பின்னல் ஊசி இரண்டு.

ஊசியில் 36 கண்ணிகள் ஏற்றுக. எல்லா வரிசைகளையும் நேர்க்கண்ணியாகவே பின்னுக. 10 சென்டிமீட்டர் அகலத்தில் 20 கண்ணிகள் அமைதல் வேண்டும்; மிகுந்தால் பருத்த ஊசியையும், குறைந்தால் மெல்லிய ஊசியையும் கொள்க. துண்டு 17 சென்டிமீட்டர் உயர்ந்ததும், இறுக்காமல் கண்ணிகளை முடித்துவிடுக. முதல் வரிசையும் கடைசி வரிசையும் சேரும்படி மடித்து, மணிக்கட்டுப் பக்கமிருந்து 9 சென்டிமீட்டர் தைத்து, கட்டைவிரலுக்கு 5 சென்டிமீட்டர் திறப்பு விட்டு, எஞ்சிய 4 சென்டிமீட்டரையும் தைக்க. இதில் இடது வலது பேதமில்லை; ஆகையால் அதே அளவில் மற்றொன்று செய்தால் ஒரு ஜோடி ஆகும்.

2. முக்கோணச் சால்வை

இது கொக்கி ஊசியால் செய்யும் குரோஷா வேலை. நான்கு சங்கிலிக் கண்ணிகளை வளையமாக இணைக்க. நான்கு சங்கிலி போட்டு, வளையத்துள் மூன்று நெடுங்கண்ணி, இரண்டு சங்கிலி, மூன்று நெடுங்கண்ணி, ஒரு சங்கிலி, ஒரு நெடுங்கண்ணி என்று பின்னுக. இது முதல் வரிசை.

பின்னர் திருப்பி, நான்கு சங்கிலியுடன் தொடங்குக. ஓரத்து இடைவெளியிலும் பக்கத்து இடைவெளிகள் ஒவ்வொன்றிலும் மூன்று நெடுங்கண்ணிக் கொத்து ஒன்று. நடு இடைவெளியில் மட்டும் இரண்டு கொத்துகள், அவற்றின் நடுவே இரண்டு சங்கிலி. மற்றக் கொத்துகளுக்கிடையே ஒவ்வொரு சங்கிலி. முடிவில் ஒரு சங்கிலியும், அதே ஓர இடைவெளியில் ஒரு நெடுங்கண்ணியும் இடுக. இவ்வாறே வரிசைதோறும் சால்வை விரியும். நூல் தீருமிடத்தில் நிறுத்தலாம். ஆகவே கற்பவருக்கு நஷ்டம் குறைவு.

மார்கழிப் பனியில் முதியோருக்கு இவை உதவும். உதகமண்டலம், கொடைக்கானல் போன்ற குளிர்ந்த ஊர்களிலோ ஆண்டு முழுதும் தேவையுண்டு.

நரசாபுரம் கற்பிக்கும் பாடம்

முன்னாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த கோதாவரிப் பிரதேசத்து நரசாபுரத்தில், 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிமார் வழியாகக் குரோஷா லேஸ் வேலை பரவிற்று. மரியா மீஸ் என்னும் ஜெர்மானிய சமூகவியல் அறிஞர் அதனை ஆராய்ந்து 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். ஸ்திரீகள் நாள்தோறும் பல மணி நேரம் பின்னியும், அவ்வேலை “இல்லத்தரசியின் ஓய்வு நேரப் பொழுதுபோக்கு” என்றே மதிக்கப்பட்டதால் கூலி மிகச் சொற்பமாயிருந்ததென்றும், லாபம் வியாபாரிகளைச் சேர்ந்ததென்றும் அதில் காட்டினார். கடல் கடந்து விற்ற சரக்கு, செய்தவரின் வறுமையைப் போக்கவில்லை.

கணக்கு வைக்கும் முறை

ஒவ்வொரு சாமானுக்கும் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்க: வேலைக்குமுன் நூலின் எடை, மீந்த நூலின் எடை, உழைத்த மணி நேரம். நூலின் விலையுடன் மணிக் கூலியையும் சேர்த்த தொகையே அடக்க விலை. அதற்குக் குறைத்து விற்பவர் தமது உழைப்பைத் தானம் செய்பவரே ஆவர்.

தனித்து நிற்பவரிடம் வியாபாரி விலையைக் குறைப்பது சுலபம். பத்துப்பேர் கூடி நூலை மொத்தமாக வாங்கி, ஒரே அளவில் செய்து, ஒரே விலை கூறினால் அது கடினம். கூட்டுறவின் முதற்பாடம் இதுவே. ஓய்வு நேரத்தில் செய்தாலும் உழைப்பு உழைப்பேயாகும். அதனை எழுதிவைத்தவரே அதற்குரிய விலையைக் கேட்கவும் வல்லவர்.