பள்ளியும் வீடும் ஊரும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

கல்வி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண் முன் தோன்றுபவை கரும்பலகையும் ஆசிரியரும் பாடநூலுமே. ஆயின், ஒரு பிள்ளை நாளொன்றுக்கு ஏறத்தாழ ஏழு மணி நேரமே பள்ளியில் இருக்கிறது. எஞ்சிய பதினேழு மணி நேரத்தில் உறக்கத்தைக் கழித்துவிட்டாலும், பள்ளியில் இருப்பதைவிட அதிக நேரத்தை அது வீட்டிலும் தெருவிலும்தான் கழிக்கிறது. ஆகவே, பள்ளி தனித்து நின்று ஒரு பிள்ளையை ஆளாக்கிவிட முடியாது என்பதைக் கல்வியாளர் எவரும் மறுப்பதில்லை.

அமெரிக்க நாட்டுக் கல்வியாளர் ஜாய்ஸ் எப்ஸ்டீன் என்பார், பள்ளி, குடும்பம், சமுதாயம் ஆகிய மூன்றுக்கும் இடையே அமைய வேண்டிய உறவை ஆறு வகையாகப் பகுத்துக் காட்டியுள்ளார். பிள்ளை வளர்ப்பில் குடும்பத்துக்குப் பள்ளி துணை நிற்றல், இரு பக்கமும் செய்தி பரிமாறிக்கொள்ளுதல், பெற்றோர் பள்ளிப் பணிகளில் விரும்பி உதவுதல், வீட்டில் படிப்புக்குத் துணை செய்தல், முடிவெடுப்பதில் பெற்றோர் பங்கு பெறுதல், ஊரோடு கூடிச் செயற்படுதல் என்பன அவை. எழுதப் படிக்கத் தெரிந்த தாய் தந்தையரை மனத்தில் வைத்துப் பார்த்தால் இந்த ஆறும் எளியனவாகவே தோன்றும். மதிப்பெண் பட்டியலில் பெருவிரல் பதிக்கும் பெற்றோர் இவற்றுள் எதைச் செய்ய இயலும்? இக்கல்லூரியில் பயிலும் நம்மில் பலர் நம் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள் ஆகப் போகிறவர்கள். ஆதலின் இக்கேள்வி நமக்குப் புறம்பானதன்று.

ஊரார் கொடுத்த காலம்

தமிழகத்தில் இவ்வுறவுக்கு ஒரு நல்ல வரலாறு உண்டு. காமராசர் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தார். அவர் காலத்தில் கல்வித்துறையின் இயக்குநராகப் பணியாற்றியவர் நெ. து. சுந்தரவடிவேலு. 1956இல் எட்டயபுரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு அளிக்கும் பணி தொடங்கியபோது அது ஊராரின் நன்கொடையைக் கொண்டே தொடங்கிற்று. பின்னர் 1957 முதல் செலவில் நூற்றுக்கு 60 பங்கை அரசும் 40 பங்கை ஊராரும் ஏற்பது என்றாயிற்று. அந்த 40 பங்கு பணமாக மட்டும் வந்ததில்லை. அரிசியாக, காயாக, விறகாக, ஆக்கிப் போடும் உழைப்பாக வந்தது. சோறு வடிக்கும்முன் பானைக்கருகே ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து, வெள்ளிக்கிழமை தோறும் அதைப் பள்ளிக்குக் கொண்டுபோய்க் கொடுத்ததை எங்கள் பாட்டி இன்றும் சொல்வார். அவர் படித்தது மூன்றாம் வகுப்பு வரை. அந்த மூன்று வகுப்புக்கும் காரணம் மதியச் சோறுதான் என்பதையும் சிரித்துக்கொண்டே சொல்வார்.

1958இல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடிற்று. அதன் முறை எளியது. ஒரு வட்டாரத்துப் பள்ளிகளுக்கு என்னென்ன குறை என்று முதலில் பட்டியல் எடுப்பார்கள். கூரை, சுற்றுச்சுவர், கிணறு, தண்ணீர்ப் பானை, பலகை, நிலப்படம், ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடை எனப் பட்டியல் நீளும். ஊரார் தம்மால் இயன்றதை ஏற்றுக்கொள்வார்கள். பிறகு பல ஊர்களிலும் இதே முறையில் மாநாடுகள் நடைபெற்றன. அரசின் கருவூலத்தை எதிர்பார்த்திருந்தால் அந்நாளில் அத்தனை பள்ளிகளுக்கு அத்தனை விரைவில் பலகையும் பானையும் கிடைத்திரா.

அந்த மரபு அடியோடு மறைந்துவிடவில்லை. அண்மை ஆண்டுகளில் பல ஊர்களில் ‘கல்விச் சீர்’ என்ற பெயரில், மணமகள் வீட்டுச் சீர்வரிசை போலவே, மேளதாளத்தோடு பீரோவும் நாற்காலியும் மின்விசிறியும் குடமும் பாயும் தட்டுகளில் பழமும் பூவும் ஏந்தி ஊர்வலமாகப் பள்ளிக்குக் கொண்டு சேர்க்கின்றனர். இதைக் கண்டு நகைப்பவரும் உண்டு. எனக்கு இது பிடித்திருக்கிறது. பள்ளியைத் தன் வீட்டுப் பெண்ணாக ஓர் ஊர் எண்ணுவது சிறிய செய்தியன்று.

நிற்க. 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் விரிவாகத் தொடங்கப்பட்டபின் சோற்றுக்கு ஊராரின் பிடியரிசி தேவைப்படவில்லை. அது முறையே. ஒரு பிள்ளையின் பசி, கொடுப்பவரின் மனநிலையைப் பார்த்துக்கொண்டிருக்கலாகாது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்துக்கும் இது பொருந்தும். ஆயினும், பிடியரிசியோடு பள்ளி வாசலுக்கு வாரந்தோறும் வந்துபோன பெண்கள் அதன்பின் அங்கு வருவதற்குக் காரணம் ஒன்றும் இல்லாமற் போயிற்று. இன்னொன்றும் உண்டு. சுவர் கட்டிக் கொடுத்தவர் பெயர் கல்லில் இருக்கிறது. அவர் சொன்னதைத் தலைமையாசிரியரும் கேட்டிருப்பார். பிடியரிசி கொடுத்த பெண்ணை எவரும் எதையும் கேட்டதில்லை. ஏழை கொடுக்கலாம், ஆனால் பள்ளி எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் இடம் அவருக்கு இல்லை என்பதே அக்கால நிலை.

சட்டம் தந்த இடம்

அந்த இடத்தைத் தந்தது, 2009இல் நிறைவேறி 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டமாகும். அதன் 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவைப் பற்றியது. குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருத்தல் வேண்டும். உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். நலிவுற்ற பிரிவினரின் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம் உண்டு. பள்ளி நடப்பதைக் கண்காணித்தல், வளர்ச்சித் திட்டம் தீட்டுதல், வரும் பணம் எவ்வாறு செலவாகிறது என்று பார்த்தல் ஆகியன குழுவின் கடமைகள். கூலிவேலைக்குப் போகும் ஒரு தாய், பள்ளிக்கு வந்த பணத்தைக் குறித்து வினவலாம் என்று நாட்டின் சட்டம் சொல்கிறது! 1958இல் இதை எவரும் எண்ணிப் பார்த்திருக்க முடியாது.

தமிழ்நாட்டில் 2022 மார்ச் 20ஆம் நாள் அரசுப் பள்ளிகளில் ஒரே நாளில் பெற்றோர் கூட்டங்கள் நடைபெற்றன. அன்று ஞாயிற்றுக்கிழமை. என் தம்பி அப்போது எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளியில் நான்காம் வகுப்பு. பள்ளியின் வேப்பமரத்தடி அன்று நிறைந்து வழிந்தது. பின்னர் இருபது பேர் கொண்ட குழு அமைந்தபோது, பதினைந்து பெற்றோருள் ஒருவராக எங்கள் அம்மாவும் தெரிவு செய்யப்பட்டார். அம்மாவுக்குத் தம் பெயரை மட்டும் எழுதத் தெரியும். அதுவும் மகளிர் சுயஉதவிக் குழுவில் சேர்ந்தபின் கற்றது.

அடுத்த கூட்டங்கள் வேலைநாளில் பிற்பகல் மூன்று மணிக்கு வைக்கப்பட்டன. களையெடுப்பில் இடையில் கரையேறினால் கூலி இல்லை. குழுவாகச் சென்று குழுவாகக் கூலி வாங்கும் வேலையில் ஒருவர் மட்டும் கிளம்புவது மற்றவருக்கும் இடைஞ்சல். ஆகவே பெற்றோர் உறுப்பினரில் பெரும்பாலோர் போவதை நிறுத்திவிட்டனர். கூட்டம் நின்றுவிடவில்லை. தீர்மானப் புத்தகம் வீடு தேடி வரத் தொடங்கிற்று! மாலையில் யாராவது கொண்டு வருவார்கள், கையொப்பம் வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள்.

ஒரு மாலை நான் வீட்டில் இருந்தேன். புத்தகத்தை வாங்கி உரக்கப் படித்தேன். நான்காவது தீர்மானம், கழிப்பறையில் தண்ணீர் வசதி நிறைவாக உள்ளது என்றிருந்தது. அம்மா அரிவாள்மனையை விட்டு எழுந்து வந்தார்.

“ஏ புள்ள, தண்ணி வருதுன்னா எழுதியிருக்கு?”

“ஆமாம்மா.”

“அப்புறம் எதுக்குப் பொட்டப் பிள்ளைங்கல்லாம் இன்டர்வல்ல வீட்டுக்கு ஓடியாருதுங்க? அதுல நான் கையெழுத்துப் போடமாட்டேன்.”

அடுத்த மாதக் கூட்டத்துக்கு அம்மாவும் அதே களைக் குழுவைச் சேர்ந்த இன்னும் இரு தாய்மார்களும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுச் சென்றனர். “சார், நாங்க சண்டைக்கு வரல. மோட்டாரு ஓடலைன்னு எழுதுங்க, அது போதும்” என்று அம்மா கேட்டாராம். எழுதினார்கள். ஓடவில்லை என்று எழுதிய பிறகுதான் ஊராட்சியிடம் பழுதுபார்க்கச் சொல்லிக் கேட்க வழி பிறந்தது. ஏழு வாரங்களில் மோட்டார் ஓடிற்று.

இங்கே தலைமையாசிரியர் மீது பழி போடுவது எளிது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர். பாடம், உணவு, பதிவேடுகள், செயலியில் ஏற்ற வேண்டிய விவரங்கள் யாவும் அவர்கள் தலையில். பெற்றோர் வரவில்லை என்று எழுதினால் விளக்கம் கேட்பார்கள் என்ற அச்சமும் அவர்களுக்கு உண்டு. அவ்வாண்டுக்குப்பின் கூட்டத்தை மாலை ஆறு மணிக்கு மாற்றியவரும் அதே தலைமையாசிரியர்தான்.

மாலை நேரமும் தெரிந்த முகமும்

பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று கூறுவோர் 2021இல் நடந்ததை நினைவுகூர வேண்டும். கொரோனாவால் பள்ளிகள் நெடுங்காலம் மூடியிருந்தபின், அவ்வாண்டு அக்டோபர் 27ஆம் நாள் விழுப்புரம் மாவட்டத்து முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கப்பட்டது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு மாலை 5 மணி முதல் 7 மணி வரை அவரவர் தெருவிலேயே பாடம். கற்பித்தவர் அதே ஊரைச் சேர்ந்த தன்னார்வலர். அவருள் பெரும்பாலோர் பெண்கள். மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை. ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் இதில் ஈடுபட்டனர். தமிழ்நாட்டுக் கிராமப் பிள்ளைகளிடையே ஆய்வு செய்த பொருளியலறிஞர்கள், பள்ளி மூடலால் நேர்ந்த கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களுக்குள் மீண்டுவிட்டதாகவும், அந்த மீட்சியில் ஏறக்குறையக் கால்பங்கு இத்திட்டத்தால் விளைந்ததாகவும் 2022இல் வெளியிட்டனர்.

எங்கள் தெருவில் மாரியம்மன் கோயில் திண்ணையில் வகுப்பு நடந்தது. கற்பித்த அக்காள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துத் திருமணமாகி வந்தவர். வேலை முடிந்து திரும்பும் தாய்மார்கள் தலைச்சுமையை இறக்கிவிட்டுச் சற்று நேரம் நின்று பார்ப்பார்கள். “என் மகன் எப்படி இருக்கான்?” என்று தயக்கமின்றிக் கேட்பார்கள். பள்ளி அலுவலக வாசலில் நின்றால் அதே தாய்மார்களுக்கு நா எழுவதில்லை. பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் பிள்ளை ஏதோ குற்றம் செய்துவிட்டான் என்பதுதான் எங்கள் ஊரில் பொருள். நல்ல செய்தி சொல்வதற்காக ஒரு பெற்றோரை அழைத்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

இனி, வீட்டில் கற்றலுக்குத் துணை என்பதைப் பற்றிச் சிறிது. எழுத்தறியாத தாயால் பாடம் சொல்லித்தர இயலாது என்பது உண்மை. ஆனால் எங்கள் அம்மா அடுப்படியில் இருந்துகொண்டே “சத்தம் போட்டுப் படி” என்பார். நான் ஓரிடத்தில் தடுக்கினால், “அங்க என்ன? திரும்பச் சொல்லு” என்பார். படிப்பது சரியா தவறா என்று அவருக்குத் தெரியாது. தடுக்குவது தெரியும். பிற்காலத்தில் தம்பிக்குப் படிப்பில் எங்கே இடறுகிறது என்று ஆசிரியர் கண்டுபிடிக்கும் முன்பே அம்மா அறிந்திருந்தார். கழித்தல் கணக்கில் கடன் வாங்கும் இடம் வந்தால் அவன் தண்ணீர் குடிக்க எழுந்துவிடுவான் என்பது அம்மா கண்டது. இத்தகைய செய்தி ஓர் ஆசிரியருக்கு எவ்வளவு பயன்படும்! அதைச் சொல்ல அம்மாவுக்கு வாய்ப்பு வேண்டும், கேட்க ஆசிரியருக்கு ஐந்து நிமிடம் வேண்டும். மதிப்பெண் பட்டியலில் கையொப்பம் இடும் கட்டத்தில் இதற்கு இடமில்லை.

நாம் செய்யக்கூடியது

2024இல் மேலாண்மைக் குழுக்கள் மீண்டும் அமைக்கப்பட்டபோது முன்னாள் மாணவர்களுக்கும் அவற்றில் இடம் அளிக்கப்பட்டது. இது நமக்கான செய்தி. அரசுப் பள்ளியில் பயின்று இங்கு வந்திருக்கும் நாம் யாவரும் ஏதோ ஓர் ஊர்ப் பள்ளியின் முன்னாள் மாணவர்களே. அடுத்து குழு அமையும்போது நம் பெயரை நாமே சென்று கொடுக்கலாம். அதற்குள் செய்யத்தக்கதும் ஒன்று உண்டு. நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஆண்டுதோறும் ஏழு நாள் சிறப்பு முகாமுக்கு ஒரு கிராமத்துக்குச் செல்கிறோம். சாலையோரம் முட்செடி வெட்டுகிறோம், கோயிலைத் துப்புரவு செய்கிறோம், பேரணி நடத்துகிறோம். அவை நடக்கட்டும். ஏழு மாலைகளுள் ஒரு மாலையை அவ்வூர்ப் பள்ளியின் மேலாண்மைக் குழுவுக்கென ஒதுக்கித் தருமாறு திட்ட அலுவலர்களைக் கேட்டுக்கொள்கிறேன். களை வேலை முடிந்து பெண்கள் வீடு திரும்பி, அடுப்பு வேலையும் முடிந்த ஏழு மணியளவில் கூடலாம். தலைமையாசிரியரின் இசைவோடு, அவ்வாண்டுத் தீர்மானங்களை ஒவ்வொன்றாக உரக்கப் படித்து, “இது சரிதானா?” என்று உறுப்பினரைக் கேட்டு, அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்னபடியே எழுதிக் கொடுக்க ஒரு மாணவரோ மாணவியோ போதும். எழுதும் பணிக்கு என் பெயரைக் குறித்துக்கொள்ளலாம்.