யார் பக்கம் நியாயம்?

கணினியில் போர் விளையாட்டு ஆடும்போது முதலில் ஓர் அணியைத் தேர்ந்தெடுக்கிறோம். நம் அணி நல்லது, எதிரணி கெட்டது என்றே ஆடுகிறோம். ஆனால் சில விளையாட்டுக் கதைகளில் இரு அணியிலும் நியாயமும் குற்றமும் கலந்திருக்கும். நம் ஊர் வரலாறும் அப்படிப்பட்டதே.

சென்ற ஆண்டு எங்கள் வகுப்பில் புலித்தேவன் நாடகம் நடித்தோம். யூசுப்கான் வேடம் ஏற்க ஒருவரும் முன்வரவில்லை. சீட்டுக் குலுக்கிப் போட்டோம். சீட்டு விழுந்த தோழி அழுதுவிட்டாள். நாடகம் முடிந்த பின்னும் அவளைத் "துரோகி" என்றே அழைத்தோம். அதைக் கேட்ட ஆசிரியை எங்களைக் கடிந்துகொண்டு, "யூசுப்கானின் கதையை முழுவதும் படித்துவிட்டு வாருங்கள்" என்றார்.

படித்தோம். நெற்கட்டுஞ்செவல் பாளையக்காரரான புலித்தேவன் நவாபுக்குக் கப்பம் கட்ட மறுத்தார். 1755இல் கர்னல் ஹெரான் தலைமையில் ஆங்கிலக் கம்பெனிப் படை அவர் கோட்டையை முற்றுகையிட்டு, பிடிக்க இயலாமல் திரும்பியது. அப்படையில் யூசுப்கானும் இருந்தார். பின்னர் நவாபின் தமையன் மாபூஸ்கானே புலித்தேவனோடு சேர்ந்துகொண்டார். முன்பு புலித்தேவனுக்குத் துணை நின்ற திருவிதாங்கூரோ 1759இல் யூசுப்கானோடு கூடி நம் வடகரையைத் தாக்கியது. வடகரைப் பாளையக்காரர் தப்பியோடிப் புலித்தேவனிடம் அடைக்கலம் புகுந்தார். 1761இல் நெற்கட்டுஞ்செவல், வாசுதேவநல்லூர், பனையூர்க் கோட்டைகள் யூசுப்கானிடம் வீழ்ந்தன.

இதோடு எங்கள் நாடகம் முடிந்தது, வரலாறு முடியவில்லை. மதுரையை ஆண்ட யூசுப்கான் குளங்களைச் செப்பனிட்டார். மீனாட்சியம்மன் கோவிலுக்கு உரிய வருவாயை மீட்டுக் கொடுத்தார். நவாபுக்கு அடங்க மறுத்து, 1763இல் அதே கம்பெனியை எதிர்த்துப் போரிட்டார். இறுதியில் தம்மவராலேயே பிடித்துக் கொடுக்கப்பட்டு, 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் தூக்கிலிடப்பட்டார். புலித்தேவனை ஒடுக்கியவரும் அவரே. புலித்தேவனைப் போல எதிர்த்து நின்றவரும் அவரே!

அப்படியானால் எல்லாரும் ஒன்றுதானா? இல்லை. பிறர் மண்ணைப் படைகொண்டு பறித்தது தவறுதான். யூசுப்கானின் பிற்கால வீரம் அதனைச் சரியாக்கிவிடாது. ஆனால் செயலைத் தவறென்பது வேறு. ஒரு மனிதரின் வாழ்வு முழுவதையும் ஒரே சொல்லில் அடைப்பது வேறு. மாண்டுபோன யூசுப்கானுக்கு எங்கள் ஏச்சு கேட்கவில்லை. எங்கள் தோழிக்குக் கேட்டது.

அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். இவ்வாண்டு அக்கதையின் இரண்டாம் பாகத்தை நடிக்கப் போகிறோம். யூசுப்கான் வேடத்துக்கு இம்முறை நால்வர் போட்டியிடுகிறோம்!