பாட்டுப் பயிற்சியும் குரல் நலமும்

பணி ஓய்வுக்குப் பின் பாட்டு வகுப்பில் சேர்ந்த அம்மையார் ஒருவர், தம் கணவருடன் எங்கள் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு வந்தார். நான்கு மாதப் பயிற்சிக்குப் பிறகு மேல் ஸட்ஜத்தில் குரல் பிசிறுவதாகவும், மாலையானால் பேசுவதற்கே களைப்பாக இருப்பதாகவும் கூறினார். “இந்த வயதில் எனக்கு இந்த ஆசை தேவையா, டாக்டர்?” என்று கேட்டார். ஆசையில் தவறில்லை; எந்த வயதிலும் பாடக் கற்கலாம். ஆனால் குரல் எவ்வாறு பிறக்கிறது என்பதை அறிந்து பயில வேண்டும்.

குரல் பிறக்கும் இடம்

நம் குரல்வளைக்குள் இரண்டு குரல் நாண்கள் உள்ளன. மூச்சு விடும்போது அவை விலகி நிற்கும். பேசும்போதும் பாடும்போதும் நெருங்கி வரும். நுரையீரலிலிருந்து மேலெழும் காற்று அவற்றை அதிரச் செய்கிறது. சாதாரணப் பேச்சில் ஆண்களின் நாண்கள் விநாடிக்கு ஏறத்தாழ 100 முறையும், பெண்களின் நாண்கள் ஏறத்தாழ 200 முறையும் அதிர்கின்றன. பாடுகையில் ஒரு ஸ்தாயி ஏறினால் இந்த எண்ணிக்கை இரு மடங்காகும்.

உயிருள்ளவரின் குரல் நாண்கள் இயங்குவதைக் கண்ணாடி கொண்டு கண்டு, விரிவாக விளக்கிய முன்னோடி ஒரு மருத்துவர் அல்லர். மானுவல் கார்சியா என்னும் பாட்டாசிரியர். 1854-ஆம் ஆண்டில் சூரிய ஒளியையும், பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் சிறு கண்ணாடியையும் கொண்டு அவர் தம் தொண்டையையே பார்த்தார். இன்று நாங்கள் செய்யும் குரல்வளைப் பரிசோதனை அவ்வழியில் வளர்ந்ததே.

தமக்கு ஏற்ற சுருதி

அம்மையாரின் நாண்கள் ஒன்றோடொன்று மோதும் இடத்தில், இரு புறமும் சிறு தடிப்புகள் இருந்தன. காரணத்தை அவர் பேச்சிலிருந்தே அறிந்தோம். வகுப்பில் சிறுமியர் முதல் மூத்தோர் வரை அனைவரும் ஆறு கட்டைச் சுருதியில் பாடினர். அச்சுருதியில் மேல் ஸட்ஜம் விநாடிக்கு 440 அதிர்வுகள் கொண்டது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களின் குரல் சற்றே தாழ்வது இயல்பு. எட்டாத ஸ்வரத்தை எட்டுவதற்காக அவர் கழுத்தை இறுக்கி அழுத்திப் பாடியிருக்கிறார்.

கர்நாடக இசையில் பெண்கள் ஐந்து கட்டையை ஒட்டியும் ஆண்கள் ஒரு கட்டையை ஒட்டியும் பாடுவது பெருவழக்கு. எனினும் அது எல்லோருக்கும் விதியாகாது. கீழே மந்திர பஞ்சமமும் மேலே தார ஸட்ஜமும் சிரமமின்றி எந்தச் சுருதியில் ஒலிக்கின்றனவோ, அதுவே தொடங்குவதற்கு ஏற்றது. அம்மையார் நாலரைக் கட்டைக்கு இறங்கினார். குரல் பயிற்சி வல்லுநரிடம் சில வாரங்கள் பயின்றார். அறுவை சிகிச்சையின்றியே தடிப்புகள் குறைந்தன. இத்தகைய தடிப்புகள் பெரும்பாலும் பயிற்சியாலேயே சீராகும்.

பயில்வோர் கவனத்திற்கு

ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் பாடுவதைவிட, காலையும் மாலையும் பதினைந்து நிமிடம் பாடுவது நன்று. வாயை மூடி மெல்ல முனகிக் குரலைத் தயார் செய்தபின், முதலில் மத்திய ஸ்தாயியில் ஸரளி வரிசையைப் பாடலாம். மூச்சை இழுக்கும்போது தோள் உயரக் கூடாது; வயிறு முன்னே வர வேண்டும். தொண்டை வலித்தால் அன்றைய பயிற்சியை நிறுத்திவிடுங்கள். பாடும்போது திடீரெனக் குரல் அற்றுப்போனால், பேச்சையும் நிறுத்தி உடனே மருத்துவரைக் காணுங்கள். நாணில் இரத்தக் கசிவு இருக்கக்கூடும்.

மிளகுப் பாலும் பனங்கற்கண்டும் தொண்டைக்கு இதம் தரும். ஆயினும் நாம் விழுங்குவது உணவுக்குழாய் வழியே செல்வதால் குரல் நாண்களை நேரே நனைப்பதில்லை. நாள் முழுதும் போதிய நீர் அருந்தினால்தான் நாண்கள் ஈரப்பதத்துடன் இருக்கும். நீரின் அளவைக் கட்டுப்படுத்தச் சொல்லப்பட்ட இதய, சிறுநீரக நோயாளிகள் மருத்துவர் சொன்ன அளவையே பின்பற்றுங்கள். அடிக்கடி தொண்டையைச் செருமுவதும், குரல் கம்மியபோது அழுத்திக் கிசுகிசுப்பதும் நாண்களுக்குச் சுமையே. ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் பயன்படுத்துவோருக்குச் சில வேளை குரல் கம்மலாம். மருந்தை நீங்களாக நிறுத்தாமல், ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்து, மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

கேட்கும் செவி

அன்று இன்னொன்றும் நிகழ்ந்தது. துணைக்கு வந்த கணவரின் குரலும் கரகரப்பாக இருந்தது. “இரண்டு மாதமாக இப்படித்தான், சளி” என்றார். அவர் பல்லாண்டு புகைபிடித்தவர். பரிசோதித்ததில் ஒரு நாணில் தொடக்க நிலைப் புற்றுநோய் தெரிந்தது. கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றார். இப்போது நோயின் அறிகுறியின்றித் தொடர் கண்காணிப்பில் நலமாக உள்ளார். நாணில் தோன்றும் புற்றுநோய் தொடக்கத்திலேயே குரலை மாற்றிவிடுவதால், அதை உரிய காலத்தில் கண்டறிய முடிகிறது. குணப்படுத்தும் வாய்ப்பும் மிகுதி. இருவரின் இசைவோடுதான் இதை எழுதுகிறேன்.

மனைவி நாள்தோறும் தம் குரலைக் கூர்ந்து கேட்டதால் ஒரு பிசிறைக்கூட உணர்ந்தார். கணவர் தம் குரலைக் கேட்கவே இல்லை. பாட்டுக் கற்பதன் முதல் பயன் இந்தச் செவிதான். பாடுவோராயினும் பாடாதோராயினும், குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் குரல்வளையைப் பரிசோதித்துக் கொள்ளுங்கள். புகைப்பழக்கம் உடையவர்களும், விழுங்குவதில் சிரமமோ கழுத்தில் கட்டியோ உள்ளவர்களும் அதுவரை காத்திராமல் விரைந்து வாருங்கள். மூச்சுத் திணறல் இருந்தால் உடனே அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள். உங்கள் வீட்டில் ஒருவரின் குரல் மாறியிருப்பதாக உங்கள் காதுக்குப் பட்டால், தயங்காமல் அவரிடம் சொல்லுங்கள். கையோடு அழைத்து வாருங்கள்.