‘டூ த நீட்ஃபுல்’ எழுதும்போது

‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’ என்பது இந்திய அலுவலகக் கடிதங்களின் வழக்கமான கடைசி வரி. பிரிட்டனில் பழசாகிப்போன இத்தொடர் இங்கே இன்னும் திடமாக இருக்கிறது. இதில் ‘த’வை விடக்கூடாது, ‘நீட்ஃபுல்ஸ்’ என்று பன்மையாக்கவும் கூடாது.

தமிழ் மனுக்களில் இதற்கு இணை ‘ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன்’. ஆவன என்றால் ஆக வேண்டியவை. மூன்றுசுழி போட்டு ‘ஆவண’ என்று எழுதினால் பத்திரம் நினைவுக்கு வரும். மனு எழுதித் தருபவர்களும் சறுக்கும் இடம் இது.

எந்த மொழியானாலும், வேண்டியது இன்னதென்று முதலில் சொன்ன பிறகே இந்த வரி வர வேண்டும். சங்கரன்கோவில் வட்டாட்சியருக்குப் பட்டா பெயர் மாற்றம் கேட்டு எழுதினால் கிராமம், புல எண், கிரயப் பத்திர எண், தேதி ஆகியவை முன்னால் இருக்க வேண்டும். பழைய மாதிரிக் கடிதத்தைப் பார்த்து எழுதுவோர் முகவரியையும் கவனிக்க வேண்டும்: 2019 முதல் மாவட்டம் திருநெல்வேலி அல்ல, தென்காசி.

வெளிநாட்டு நிறுவனத்துக்கு எழுதும்போது இத்தொடரைத் தவிர்த்து, ‘ப்ளீஸ் சென்ட் த இன்வாய்ஸ் பை ஃப்ரைடே’ என்று நேராகக் கேட்பதே நல்லது.