சொல் அறிவோம்: ‘கால்’

இம்முறை நாம் எடுத்துக்கொள்ளும் சொல் ‘கால்’. இரண்டே எழுத்து. நடை பழகும் குழந்தைக்கும் தெரிந்த சொல். ஆனால் நம் எலெக்ட்ரானிக் சிட்டிப் பிள்ளைகளிடம் இதற்கு என்ன பொருள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பொருள்தான் வரும்: நடக்கிற உறுப்பு. மற்றவை வீட்டுப் பேச்சிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று போய்க்கொண்டிருக்கின்றன.

‘ஐந்தே காலுக்கு வா’ என்றால் பத்து வயதுப் பிள்ளை விழிக்கிறது. ‘ஃபைவ் ஃபிஃப்டீன்’ என்ற பிறகுதான் முகம் தெளிகிறது. வேடிக்கை என்னவென்றால், தெருவில் கன்னடம் பேசும் ஆட்டோக்காரர் இன்றும் ‘ஐதூகாலு’ என்றுதான் சொல்கிறார். ஐந்தேமுக்காலை ‘ஐதூமுக்காலு’ என்கிறார். நம் பிள்ளைக்குத் தமிழில் கால் தெரிந்திருந்தால் கன்னடத்தில் பாதி வேலை முடிந்திருக்கும்.

நான்கில் ஒரு பங்குக்கு ஏன் கால் என்று பெயர்? ஆடு, மாடு, கட்டில் எல்லாவற்றுக்கும் நான்கு கால். அதில் ஒன்று கால் பங்கு. வடமொழியிலும் இதே கணக்குதான். ‘பாதம்’ என்றால் காலடி, நான்கில் ஒன்று என்றும் பொருள். ஜாதகத்தில் ‘ரோகிணி 2-ஆம் பாதம்’ என்று எழுதுகிறோமே, அது நட்சத்திரத்தை நான்காகப் பிரித்த கணக்கு. 27 நட்சத்திரங்களுக்கு 108 பாதம்.

நம் முன்னோர் கணக்கு காலோடு நிற்கவில்லை. காலில் பாதி அரைக்கால், அதில் பாதி மாகாணி, அதாவது பதினாறில் ஒன்று. காளமேகப் புலவர் பாடியதாக வழங்கும் வெண்பா ஒன்று முக்கால், அரை, கால் என்று பின்னங்களை இறங்குவரிசையில் அடுக்கிக் காஞ்சி ஏகம்பரை நினைக்கச் சொல்கிறது. அதில் முக்கால் என்பது ஊன்றுகோலோடு மூன்று காலாய் நடக்கும் முதுமை. எனக்கு இன்னும் அந்த முக்கால் வரவில்லை. கால் ரூபாய் நாணயம்தான் 2011 ஜூன் 30-உடன் செல்லாததாகிவிட்டது. கால் கிலோ இருக்கிறது. அதையாவது ‘டூ ஃபிஃப்டி கிராம்ஸ்’ ஆக்காமல் பிள்ளைகளைக் கடைக்கு அனுப்புவோம்.

தூணுக்கும் கால் என்று பெயர். மதுரை ஆயிரங்கால் மண்டபத்தில் உள்ளவை 985 தூண்கள். கல்யாணத்துக்குப் பந்தக்கால் நடுகிறோம். மூன்றாம் மாடியில் நடுவதற்கு மண் ஏது? வாளியில் மணல் நிரப்பி மூங்கிலை நிற்கவைக்கிறோம். பிள்ளைகள் பார்க்கும்போதே அதன் பெயரைச் சொல்லிவிடலாம். நாற்காலியும் முக்காலியும் கால்களை எண்ணி வைத்த பெயர்களே.

சக்கரமும் கால்தான். மனுநீதிச் சோழன் கதையில் கன்று ‘தேர்க்காலில்’ அகப்பட்டது என்று படிக்கும் பிள்ளைகள், தேருக்கு ஏது கால் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கன்னடத்தில் சக்கரத்துக்கு ‘காலி’ என்று ஒரு பெயர் உண்டு. முதலெழுத்தை ‘கங்கை’யின் முதலெழுத்துப் போல மெலிதாக ஒலிக்க வேண்டும், இல்லாவிட்டால் காலி இடமாகிவிடும்.

பெங்களூரில் குடியிருப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய கால் ஒன்று உண்டு. அது வாய்க்கால், கால்வாய் என்பவற்றில் உள்ள கால். கன்னடத்தில் ‘காலுவே’. மழைக்காலம் வந்தால் செய்தித்தாளில் ‘ராஜகாலுவே’ என்ற சொல் வந்துவிடும். இவ்வூர் ஏரிகள் சங்கிலி போல் அமைந்தவை. மேல் ஏரி நிரம்பினால் உபரி நீர் காலுவே வழியாகக் கீழ் ஏரிக்கு இறங்கும். பெரிய காலுவேதான் ராஜகாலுவே. ஏரியிலிருந்து நீர் நடந்து போகும் கால் என்று பிள்ளைகளுக்கு நான் சொல்வதுண்டு. இது சொல்லாராய்ச்சி அன்று, நினைவில் நிற்பதற்கான வழி. அந்தக் காலைக் கட்டடம் மறித்தால் நீர் கட்டடத்துக்குள் வருகிறது. 2022 செப்டம்பரில் பெல்லந்தூர்ப் பக்கம் வெள்ளம் புகுந்தபோது காலுவே ஆக்கிரமிப்புகள் பற்றித்தான் ஊரெங்கும் பேச்சு. ரயில்வேயில் மழைக்காலத்துக்கு முன்பே பாலங்களின் நீர்வழியைத் துப்புரவு செய்துவிடுவோம். இங்கே வீடு வாங்க நினைக்கும் அன்பர்கள் விலையைக் கேட்பதற்கு முன் கிராம வரைபடத்தில் ‘காலுவே’ எங்கே ஓடுகிறது என்று கேளுங்கள்.

இனி உறுப்புக்கு வருவோம். தமிழில் இடுப்புக்குக் கீழே விரல்நுனி வரை கால்தான். ‘கால் வலிக்கிறது’ என்றால் டாக்டருக்குப் போதாது. முழங்கால், கெண்டைக்கால், கணுக்கால், குதிகால், உள்ளங்கால் என்று பெயர்கள் காத்துக்கிடக்கின்றன. தென்மாவட்டத்தார் கணுக்காலைக் கரண்டைக்கால் என்பார்கள். கன்னடத்தில் முழங்கால் ‘மொணகாலு’, உள்ளங்கால் ‘அங்காலு’. எவ்வளவு பக்கம் பாருங்கள்!

காலடிக்கு அடி, தாள், கழல், பாதம் என்று வேறு சொற்களும் உண்டு. ‘கழல்’ வீரர் காலில் அணிந்த அணி. பிறகு காலுக்கே பெயராயிற்று. ‘தாள்’ நெற்பயிரின் தண்டும் ஆகும், நாம் எழுதும் காகிதமும் ஆகும். ‘அடி’ மரத்துக்கு உண்டு, செய்யுளுக்கு உண்டு, பிரம்புக்கும் உண்டு. அளவுகோலில் அது 12 அங்குலம். அகலப்பாதை ரயிலில் இரு தண்டவாளங்களுக்கும் இடைவெளி 5 அடி 6 அங்குலம், அதாவது 1676 மில்லிமீட்டர். தண்டவாளத்தையும் ஆங்கிலத்தில் தலை, பாதம் என்று பிரித்துத்தான் படித்தோம். தலையும் பாதமும் இருக்கிறதே தவிர அதற்குக் கால் மட்டும் இல்லை!

எழுத்திலும் கால் உண்டு. ‘கா’வில் ககரத்துக்குப் பக்கத்தில் நிற்பது துணைக்கால். காலை எடுத்துவிட்டால் ‘கால்’ வெறும் ‘கல்’ ஆகிவிடும். பிள்ளைகளுக்கு இதைப் பலகையில் எழுதிக் காட்டினால் மறக்கமாட்டார்கள். ணா, றா, னா மூன்றுக்கும் தனிக்கால் கிடைத்தது 1978-இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்தில்தான். நம் வயதினர் அவற்றைச் சுழித்து எழுதியவர்கள்.

காற்றுக்கும் கால் என்று பெயர் உண்டு. ‘வந்தக்கால்’ என்றால் ‘வந்தால்’. மேலும் வேண்டுவோர் மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டில் 11-ஆம் தொகுதியைப் பார்க்கலாம். ஒரு சொல்லுக்குப் பல பொருள் கூறும் பகுதி அது. ஓர் எச்சரிக்கை: ‘கால்’ என்று தொடங்குவதெல்லாம் இந்தக் கால் அன்று. காலாவதி ‘காலம்’ என்பதிலிருந்து வந்தது. காலி உருது வழியாக வந்தது.

பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி: ‘முக்காலியைத் தூக்கி வைத்துவிட்டு, வாய்க்கால் ஓரம் காலாற நடக்க வேண்டும் என்று முருகன் முக்கால் மணி நேரம் ஒற்றைக்காலில் நின்றான்.’ இதில் எத்தனை கால்? ஒவ்வொன்றுக்கும் என்ன பொருள்? முருகன் உண்மையிலேயே ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றானா? விடையைத் தமிழில், தம் கையாலேயே எழுதி அனுப்பட்டும். தாத்தா பாட்டி உதவலாம், எழுதிக்கொடுக்கக் கூடாது.