இடிமுழக்கம் தரும் எச்சரிக்கை

இடி கேட்டதும் அருச்சுனன் பெயரைச் சொல்லும் வழக்கம் தமிழரிடையே உண்டு. அதனோடு செய்யவேண்டியது மற்றொன்றும் உண்டு. அதனைக் கூறுமுன், இடிமுகில் தோன்றும் முறையை நோக்குவோம்.

பங்குனி, சித்திரை, ஐப்பசித் திங்கள்களின் பிற்பகலில் கல்லடிப் பாலத்தில் நின்று மேற்கே நோக்குவோர், படுவான்கரை வானில் வெண்முகில்கள் கோபுரம்போல் எழுவதைக் காண்பர். வெயிலால் நிலம் சூடேற, அதன்மேலுள்ள காற்று இலேசாகி எழுகின்றது. அவ்விடத்தை நிரப்பக் கடலிலிருந்து ஈரக்காற்று உட்புகுகின்றது. கீழ்க்காற்றுக்குக் கொண்டல் என்று பெயர். முகிலுக்கும் அதுவே பெயர். இவ்வொற்றுமை எண்ணி மகிழத்தக்கது.

மேலெழுந்த ஈரக்காற்றுக் குளிர்ந்து துளிகளாகும்போது வெளிப்படும் வெப்பம் அதனை மேலும் உந்துகின்றது. முகில் 12 கிலோமீற்றருக்கு மேலும் உயர்வதுண்டு. அவ்வுயரத்துக் குளிரிற் பனிக்கட்டித் துணுக்குகள் ஒன்றோடொன்று மோதுவதால் மின்னேற்றம் பிரிகின்றது. அது பாய்வதே மின்னல். பாயும் வழியிலுள்ள காற்று ஏறக்குறைய 30,000 பாகை செல்சியசு வரை சூடேறி வெடித்து விரிவதே இடி.

மழையோடு கீழிறங்கும் குளிர்காற்று, மழைக்கு முன்னரே நீர்மேற் பரந்து வீசித் தோணியைக் கவிழ்க்கவல்லது. மின்னலோ உயர்ந்து நிற்பதை நாடுவது. பரந்த வாவியில் தோணியில் நிற்பவனே உயர்ந்த பொருள் அன்றோ?

1978 நவம்பர் 23 இல் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியும் இத்தகைய இடிமுகில்கள் கடல்மேல் திரண்டு சுழன்றதன் விளைவே. அதனைக் கண்டவர்க்கு மாலை இடிமழை சிறிதாகத் தோன்றலாம். ஆயினும் சூறாவளி கரைசேர நாட்கள் செல்லும். இடிமுகிலோ ஒரு மணி நேரத்துள் முற்றிவிடும். அதன் முழக்கமே நமக்கு வாய்த்த அறிவிப்பாகும்.

ஒலி ஒரு கிலோமீற்றர் செல்ல ஏறத்தாழ 3 விநாடி ஆகும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடி எனின், மின்னல் 10 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. அடுத்த மின்னல் நம்மிடமே விழக்கூடும். ஆதலின், இடி செவிப்பட்டதும் கரை சேர்க. தனிமரத்தடியும் ஓலைவாடியும் புகலிடமாகா, கல்வீட்டினுட் புகுக. இறுதி இடிக்குப் பின் 30 நிமிடம் பொறுத்திருக்க.

மாணவர்களே! அருச்சுனன் பெயரைத் தாராளமாகச் சொல்லுங்கள். சொல்லிக்கொண்டே கரைநோக்கித் தோணியைத் திருப்புங்கள். வாவிக்குப் புறப்படும் தந்தைக்கும் தமையனுக்கும் இதனை எடுத்துரைப்பீராயின், இப்பாடம் பயன்பெற்றதாகும்.