ஜப்பானில் வீட்டு முன்பணமும் வெளிநாட்டு மாணவரும்

முன்னுரை

வாடகை வீட்டில் குடிபுகும் நாளில் வீட்டுக்காரரின் முகத்தில் காணும் மலர்ச்சி, அதே வீட்டைக் காலி செய்யும் நாளில் காணப்படுவதில்லை. "வெள்ளையடிக்க இவ்வளவு, குழாய் பழுதுக்கு இவ்வளவு" என்று கழித்துக் கொண்டே வந்து, கொடுத்த அட்வான்சில் பாதியைக் கையில் வைக்கும் வழக்கம் நாம் அறியாததன்று. நம் ஊரிலேயே இவ்வாறென்றால், மொழி முழுவதும் பிடிபடாத அயல்நாட்டில், விமானச் சீட்டைக் கையில் வைத்துக் கொண்டு நிற்கும் மாணவரின் நிலை என்ன?

மேற்படிப்புக்காக ஜப்பான் செல்லும் இந்திய மாணவர்கள் இன்று பலர். அவர்கள் படிப்பை முடித்து ஊர் திரும்பும்போது, வீட்டு முன்பணம் வருமா வராதா என்பது சிறிய கேள்வியன்று. ஒரு மாத உணவுச் செலவோ, ஊர் வந்து சேரும் பயணச் செலவோ அதில் அடங்கியிருக்கலாம். அம்முன்பணத்தைப் பற்றி அந்நாட்டுச் சட்டம் என்ன கூறுகிறது, அதைத் திரும்பப் பெறும் வழி யாது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

எது திரும்பும், எது திரும்பாது?

ஜப்பானில் வீடு பிடிக்கும்போது கொடுக்கும் தொகை ஒன்றன்று, பல. 'ஷிகிகின்' என்பது முன்பணம். பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு மாத வாடகை அளவில் இருக்கும். இது குடியிருப்பவரின் பணம். வீட்டுக்காரரிடம் பிணையாக இருப்பது. 'ரெய்கின்' என்பது வீட்டுக்காரருக்கு நன்றிப் பணமாகக் கொடுப்பது. இது திரும்பி வராது. தரகுக் கூலியும், பிணை நிற்க ஆளில்லாதவருக்காகப் பிணை நிற்கும் நிறுவனத்திற்குக் கட்டும் கட்டணமும் அவ்வாறே திரும்பாதவை.

ஒசாகா, கியோட்டோ நகரங்களைக் கொண்ட மேற்குப் பகுதியில் 'ஷிகிபிகி' என்ற வேறொரு வழக்கமும் உண்டு. வீடு எவ்வளவு தூய்மையாக இருந்தாலும், முன்பணத்தில் ஒரு குறிப்பிட்ட பகுதியைக் கழித்துக் கொள்வோம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி விடுவர். அத்தொகை மிக அதிகமாக இல்லாத வரையில் அவ்விதி செல்லும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2011-ஆம் ஆண்டு தீர்ப்பளித்துள்ளது. எனவே கையெழுத்திடும் முன்பே, "இவற்றுள் திரும்பி வருவது எது?" என்று கேட்டுத் தெரிந்து கொள்ளல் வேண்டும்.

சட்டம் கூறுவது

ஜப்பானிய சிவில் சட்டம் 1896-ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. வாடகை முன்பணத்திற்கு அதில் நெடுங்காலம் தெளிவான விளக்கம் இல்லை. வழக்கமும் தீர்ப்புகளுமே வழிகாட்டின. 2017-ஆம் ஆண்டு நிறைவேறி, 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இக்குறையைப் போக்கியது. எப்பெயரிட்டு அழைத்தாலும், வாடகை முதலிய கடன்களுக்குப் பிணையாகக் கொடுக்கப்பட்ட பணம் முன்பணமே என்றும், ஒப்பந்தம் முடிந்து வீடு ஒப்படைக்கப்பட்டதும், நிலுவை போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்றும் அச்சட்டம் விதிக்கிறது.

அதனினும் முக்கியமானது மற்றொரு பிரிவு. வீட்டை முன்னிருந்த நிலைக்கு மீட்டுத் தருவது குடியிருந்தவர் கடமை. ஆனால் இயல்பாகப் புழங்கியதால் ஏற்பட்ட தேய்மானமும், காலத்தால் ஏற்பட்ட மாற்றமும் இக்கடமையில் சேரா. ஏன்? ஒரு வீட்டில் மனிதர் வாழ்ந்தால் அது தேயத்தான் செய்யும். அத்தேய்மானத்தின் விலையைத்தான் மாதந்தோறும் வாடகையாகச் செலுத்துகிறோம். வாடகையையும் வாங்கிக் கொண்டு, தேய்மானத்திற்குத் தனியாகவும் பணம் கேட்பது ஒரே பொருளுக்கு இருமுறை விலை வாங்குவதாகும். 2005-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பொன்றும் இக்கருத்தையே கொண்டது. இயல்பான தேய்மானத்தைக் குடியிருப்பவர் தலையில் சுமத்த வேண்டுமானால், அது ஒப்பந்தத்தில் தெளிவாகவும் விவரமாகவும் எழுதப்பட்டு ஒப்புக் கொள்ளப்பட்டிருக்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இயல்பான தேய்மானம் எது?

இக்கேள்விக்கு விடையாக ஜப்பானிய அரசின் வழிகாட்டி நூலொன்று 1998-இல் வெளியாயிற்று. 2004-லும் 2011-லும் திருத்தப்பட்டது. இது சட்டமன்று, ஆயினும் பேச்சு வார்த்தையிலும் நீதிமன்றத்திலும் அளவுகோலாக எடுத்தாளப்படுகிறது.

கட்டில், பீரோ இவற்றின் கால்கள் தரையில் பதித்த தடம், வெயில் பட்டு வெளுத்த சுவர்த்தாள், குளிர்சாதனப் பெட்டியின் பின்னே சுவரில் படிந்த கருமை, நாட்காட்டி மாட்டிய குண்டூசித் துளை ஆகியவை இயல்பானவை, செலவு வீட்டுக்காரருடையது. ஆணியும் திருகாணியும் அடித்து உட்பலகை வரை துளைத்தது, சிகரெட் புகையின் கறையும் நாற்றமும், ஈரத்தைத் துடைக்காமல் விட்டதால் பூத்த பூஞ்சை, வளர்ப்புப் பிராணி கீறியது ஆகியவை குடியிருந்தவர் பொறுப்பு. நம்மவர் கவனிக்க வேண்டிய ஒன்றும் அப்பட்டியலில் உண்டு. சமையலறையைத் துடைக்காமல் விட்டதால் படிந்த எண்ணெய்ப் பிசுக்கும் குடியிருந்தவர் பொறுப்பே. நாள்தோறும் தாளிக்கும் வீட்டில் அடுப்பின் மேலுள்ள புகைவிசிறியையும் சுவரையும் அவ்வப்போது துடைப்பது, பிற்காலத்தில் பணமாகத் திரும்பி வரும்.

குற்றம் நம்முடையதாயினும் புதுப்பொருளின் முழு விலையும் நம் தலையில் விழாது. சுவர்த்தாளின் மதிப்பு 6 ஆண்டுகளில் 1 யென்னாகக் குறைவதாக அவ்வழிகாட்டி கணக்கிடுகிறது. புதிதாக ஒட்டி 3 ஆண்டுகள் ஆன தாளைக் கிழித்தவர் பாதி விலைக்கே பொறுப்பாவார். ஆனால் 'தத்தாமி' என்னும் கோரைப் பாயின் மேல்விரிப்புக்கு இவ்வாறு வயதுக் கழிவு இல்லை.

ஒரு பட்டியலை ஆராய்வோம்

கற்பனையாக ஒரு கணக்கை எடுத்துக் கொள்வோம். ஆறு பாய் விரித்த அறையில், புதிய சுவர்த்தாளுடன் குடிபுகுந்த மாணவர் ஒருவர் 3 ஆண்டுகள் வாழ்ந்து காலி செய்கிறார். முன்பணம் 60,000 யென். அவர் செய்த சேதம் இரண்டே. நாற்காலியைத் தள்ளி ஒரு சுவரின் தாளைக் கிழித்தார். ஒரு பாயில் காப்பியைக் கொட்டிக் கறையாக்கினார். அவருக்கு வரும் பட்டியல் இது:

அறை முழுவதும் சுவர்த்தாள் 30 சதுர மீட்டர் - 30,000 யென்
பாய் ஆறுக்கும் மேல்விரிப்பு - 30,000 யென்
பூட்டு மாற்றுதல் - 15,000 யென்
துப்புரவு - 30,000 யென்
ஆக மொத்தம் - 1,05,000 யென்

முன்பணம் போக இன்னும் 45,000 யென் கட்டச் சொல்கிறார்கள். அறியாதவர் கட்டி விடுவார். அறிந்தவர் ஒவ்வொரு வரியாகப் பார்ப்பார்.

கிழிந்தது ஒரு சுவர். அதன் பரப்பு 6 சதுர மீட்டர் என்றால் செலவு 6,000 யென். 3 ஆண்டுத் தேய்மானம் போக 3,000 யென். கறை பட்ட பாய் ஒன்று, 5,000 யென். அடுத்து வருபவருக்காகப் பூட்டு மாற்றுவது, சாவியை நாம் தொலைக்காத வரையில், வீட்டுக்காரர் செலவு. குப்பை அகற்றி, பெருக்கித் துடைத்து, குளியலறையையும் அடுப்பையும் தூய்மை செய்து ஒப்படைத்தவர் மேல் துப்புரவுச் செலவும் விழாது. ஆக, கழிக்க வேண்டியது 8,000. திரும்ப வேண்டியது 52,000 யென்.

இங்கே ஓர் எச்சரிக்கை. "காலி செய்யும்போது துப்புரவுக் கட்டணம் 30,000 யென் குடியிருப்பவர் தருவார்" என்று தொகையுடன் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், அது செல்லத்தக்கதாகவே பெரும்பாலும் கொள்ளப்படும். அப்போது திரும்புவது 22,000 யென்னே. அப்படியும் 45,000 கட்டுவதற்கும் 22,000 பெறுவதற்கும் உள்ள வேறுபாடு 67,000 யென்!

உண்மையான குறை எது?

வெளிநாட்டவர் என்பதால் இச்சட்டம் மாறுவதில்லை. ஜப்பானியருக்கு உள்ள உரிமையே அவருக்கும் உண்டு. அப்படியிருந்தும் அவர் ஏன் இழக்கிறார்? சட்டத்தில் அவர் எளியவரல்லர், காலத்தில் எளியவர். புறப்படும் கடைசி வாரத்தில் நகராட்சி அலுவலகம், மின்சாரம், எரிவாயு, வங்கி என்று அலைச்சல். ஒப்பந்தங்கள் பலவற்றில் முன்பணம் திரும்ப ஒரு மாத அளவு தவணை இருக்கும். அதற்குள் அவர் ஊர் வந்து சேர்ந்திருப்பார். ஜப்பானிய வங்கிக் கணக்கும் முடிக்கப்பட்டிருக்கும். எதிர்த்துக் கேட்க ஆளில்லை என்பது பட்டியல் எழுதுபவருக்கும் தெரியும்.

ஆகவே, காலத்தை முன்கூட்டியே தன் பக்கம் திருப்பிக் கொள்வதே அறிவுடைமை.

செய்ய வேண்டுவன

1. குடிபுகும் நாளிலேயே, பொருள்களை உள்ளே வைக்கும் முன், சுவர், தரை, குளியலறை யாவற்றையும் தேதியுடன் படம் எடுத்து வைக்க வேண்டும். முன்பே இருந்த கீறல்களை எழுதி, ஒரு படியை வீட்டு நிர்வாகத்திடம் கொடுக்க வேண்டும். முன்பணம் திரும்புவது முடிவாவது கடைசி நாளிலன்று, முதல் நாளில்.

2. ஒப்பந்தத்தின் இறுதியில் வரும் தனி விதிகளை மொழி அறிந்தவரைக் கொண்டு படித்துக் கொள்ள வேண்டும்.

3. காலி செய்யும் அறிவிப்பை ஒப்பந்தம் கூறும் கெடுவுக்குள் எழுத்து மூலம் தர வேண்டும். பல ஒப்பந்தங்களில் இது ஒரு மாதம்.

4. "கடைசி மாத வாடகையை முன்பணத்தில் கழித்துக் கொள்ளுங்கள்" என்று கேட்கும் உரிமை குடியிருப்பவருக்கு இல்லை. சட்டமே இதை மறுக்கிறது. வாடகை நிலுவை வைத்தால் நம் வழக்கே பலவீனப்படும்.

5. விமானம் ஏறும் நாளன்று வீட்டை ஒப்படைக்கலாகாது. சில நாள் முன்னதாகவே, நிர்வாகத்தாருடன் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும். ஜப்பானிய மொழி அறிந்த நண்பர் உடனிருத்தல் நலம்.

6. அப்போது நீட்டப்படும் தாளில் தொகை இருந்து, அது நமக்கு உடன்பாடில்லையாயின், கையெழுத்திடாமல், "விவரப் பட்டியல் அனுப்புங்கள், பார்த்துப் பதில் தருகிறேன்" என்று பணிவாகக் கூறலாம்.

7. பணம் எக்கணக்கில் சேர வேண்டும் என்பதை முன்பே எழுத்தில் முடிவு செய்ய வேண்டும். அங்கேயே தங்கும் நம்பிக்கையான நண்பருக்கு, பணம் பெறவும் பேசவும் எழுத்து மூலம் அதிகாரம் அளித்து வருவது சிறந்த வழி. வெளிநாட்டுக்கு அனுப்பச் சொன்னால் வங்கிக் கட்டணமே சிறு தொகையை விழுங்கி விடும்.

பேச்சில் முடியாவிட்டால்

முதலில் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தை நாடலாம். 188 என்ற எண்ணில் நுகர்வோர் ஆலோசனை கிடைக்கும். 'ஹோதெராசு' என்னும் சட்ட உதவி நிலையம் பல மொழிகளில் வழி கூறும். அடுத்து, அனுப்பிய கடிதத்தின் வாசகத்திற்கு அஞ்சல் நிலையமே சான்றளிக்கும் ஒருவகைப் பதிவுக் கடிதம் அங்கு உண்டு. இக்கடிதம் சென்ற பின் இறங்கி வருவோர் பலர். இறுதியாக, 6 இலட்சம் யென் வரையிலான பண வழக்குகளுக்குச் சிறு வழக்கு முறை உள்ளது. பொதுவாக ஒரே நாள் விசாரணையில் முடியும். ஆனால் நடவடிக்கை ஜப்பானிய மொழியிலேயே நடக்கும். இவை யாவும் அந்நாட்டில் இருக்கும்போதே எளியவை. எனினும் ஊர் திரும்பியதால் உரிமை அழிந்து விடுவதில்லை. உரிமையை அறிந்த நாள் முதல் 5 ஆண்டுகள் வரை கேட்க இடமுண்டு.

முடிவுரை

எல்லா வீட்டுக்காரரும் ஏமாற்றுபவர் அல்லர். எல்லாக் குடியிருப்போரும் வீட்டைப் பேணுபவரும் அல்லர். கிழித்த தாளுக்கும் கொட்டிய காப்பிக்கும் உரிய பணத்தை மறுக்காமல் கொடுப்பவருக்கே, மீதியை நிமிர்ந்து நின்று கேட்கும் தகுதி உண்டு. நாம் கேட்பது சலுகையன்று, நம் பணம். 8,000 யென்னைக் கொடுப்பதில் நேர்மையும், 52,000 யென்னைக் கேட்பதில் துணிவும் ஒருங்கே வேண்டும். அயல்நாடு செல்லும் நம் மாணவர் இவ்விரண்டையும், முதல் நாள் எடுத்த படங்களையும் பெட்டியில் பத்திரமாக வைத்துக் கொள்வாராக!